தலைக்கு மேலே வராத விமானம்

சிறு வயதில் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். எங்கள் ஊருக்கு மேலே நான் குப்புறப் படுத்தபடி மிதந்துகொண்டிருப்பேன். கீழே வயல், வாய்க்கால், மறுபடி வயல். எங்கள் வீட்டைத் தேடுவேன். எல்லாக் கூரையும் ஒன்றுபோல இருக்கும். தேடிக்கொண்டிருக்கும்போதே விடிந்துவிடும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அந்த மிதப்பு காலிலேயே இருக்கும்.

அது என் சொந்தக் கனவல்ல என்று பிற்பாடுதான் புரிந்தது. அத்தை சொல்லிச் சொல்லி எனக்குள் இறங்கியது. மேலேயிருந்து எங்கள் வீட்டைத் தேடியவர் என் பெரியப்பா.

பெரியப்பா என்கிறேனே தவிர அவரை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு வெகு முன்பே, யுத்த காலத்தில் விமானம் ஓட்டப் போனவர். பர்மாப் பக்கம் பறந்தவர் திரும்பவில்லை. குத்தாலத்துக்குப் பக்கத்தில், மாட்டு வண்டியே யோசித்துத்தான் உள்ளே வரும் என்கிற ஊர் எங்களுடையது. அங்கிருந்து கும்பகோணம் போய்ப் படித்து, அப்படியே வானத்துக்கும் போய்விட்டார். வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றே ஒன்று உண்டு. தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்தப் பையனைப் போய்ப் பெரியப்பா என்று சொல்ல இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

அவருடைய தங்கைதான் என் அத்தை. தொண்ணூறை ஒட்டிய வயது. கணவர் காலமான பிறகு சீர்காழியிலிருந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். என்னை வளர்த்ததில் பாதிக்கு மேல் அவள் பங்கு. நல்லவள்தான், ஆனால் துணி விஷயத்தில் பிடிவாதக்காரி. திருவிழாவோ கல்யாணமோ கடைத்தெருவோ, வீட்டுப் பிள்ளைகள் எங்கே கிளம்பினாலும் சிவப்புத்தான் உடுத்த வேண்டும். பச்சை கட்டினால் வாசற்படி தாண்ட விடமாட்டாள். தொலைந்து போனால் தேட வேண்டுமே என்பாள். ஒரு பொங்கலுக்கு அப்பா வாங்கி வந்த பச்சைப் பாவாடையை நான் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவிலேயே கட்டிக் கிழித்தேன். அதற்காக அவளை வாய்விட்டே திட்டியிருக்கிறேன். முழுக்கதையும் தெரிந்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன், சிவப்பை மட்டும் இன்றுவரை பிடிக்கவில்லை.

யுத்தத்தின்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விமானத் தளம் போட்டிருந்தார்கள். கொஞ்ச காலம் பெரியப்பா அங்கே இருந்தார். ஒருமுறை லீவில் வந்தவர், பர்மாவுக்குப் போவதற்கு முன் இந்தப் பக்கம் ஒரு சுற்று பறந்து வருவதாகச் சொன்னார். தஞ்சாவூரிலிருந்து ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் வந்துவிடலாமாம். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே ஊர்தான். அதனால் நம் அப்பாவுடைய வெள்ளை வேட்டியை எடுத்துக் களத்தில் விரித்து வையுங்கள், அடையாளம் கண்டுகொள்வேன் என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாதாம்.

அவர் போன மறுநாளே வீட்டில் வேட்டிப் பேச்சு முடிந்துவிட்டது. அவருடைய அம்மா, அதாவது என் பாட்டி, ஒரேயடியாக மறுத்துவிட்டாள். வெள்ளை, தாலி இறங்கியவள் உடுத்துவது. கடைசியில் மேலே போர்த்தி அனுப்புவது. யுத்தத்துக்குப் போகிற பிள்ளையின் கண்ணில், அதுவும் தன் வீட்டுக் களத்திலிருந்தா, அது பட வேண்டும்? அப்போது சின்னப் பெண்ணாக இருந்த அத்தைதான் வழி சொன்னாள். அண்ணன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவை பெட்டியில் இருந்தது. தாராசுரத்து நெசவு. அவன் எடுத்த புடவை அவனுக்குத் தெரியாமல் போகுமா? எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

புடவை கிளிப்பச்சை. மாதம் மார்கழி. சம்பா கதிர் வாங்கும் பருவம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. அறுவடைக்கு நாள் இருந்ததால் களத்தை இன்னும் செதுக்கிச் சாணி மெழுகவில்லை; அதுவும் அருகம்புல் மூடிக் கிடந்தது. ஊரைத் தரையில் நின்று மட்டுமே பார்த்தவர்கள், பச்சைப் புல்லின் மேல் பச்சைப் புடவையை விரித்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். வெயில் ஏறியதும் விரிப்பது, பொழுது சாய்ந்ததும் மடித்து எடுப்பது. அத்தையின் வேலை அது.

ஒரு நாள் விமானம் வந்தது. மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. ஊரே களத்தில் கூடிவிட்டது. தலைக்கு மேலே வரும்போது எல்லாரும் சேர்ந்து கையை ஆட்ட வேண்டும், அதுவரை யாரும் ஆட்டக் கூடாது என்று பாட்டி சொல்லியிருந்தாள். சத்தம் மூங்கில் தோப்புக்குப் பின்னால் கேட்டது. அப்புறம் கோயில் பக்கம் கேட்டது. தென்னைகளுக்கு நடுவே ஒரு கணம் இறக்கை மின்னி மறைந்தது. மறுபடி மூங்கில் தோப்பு. தேடுகிறான், தேடுகிறான் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மூன்று முறை அப்படிச் சத்தம் போய் வந்தது. தலைக்கு மேலே வரவேயில்லை. பிறகு மேற்கே தேய்ந்து அடங்கிவிட்டது. தூக்கத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன.

அடுத்த நாளிலிருந்து சுற்று வட்டாரத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உங்கள் பிள்ளை எங்கள் ஊருக்கு நேர் மேலே போனான் என்று ஆற்றங்கரை ஊரில் சொன்னார்கள். கோயில் கோபுரத்தை உரசாத குறை என்று தெற்கு ஊரில் சொன்னார்கள். கிழக்கேயும் அதே பெருமை. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் சொந்த ஊரைத் தவிர எல்லா ஊருக்கும் போனான் என்பது எங்கள் பக்கம் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவனை இன்றைக்கும் விமானக்காரன் என்றுதான் கிண்டல் செய்வார்கள். என் தம்பிக்கே அந்தப் பட்டம் சில வருஷம் இருந்தது.

தந்தி வந்தபோது அறுவடை முடிந்து களம் காலியாகியிருந்தது. பாட்டி அத்தையை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரே ஒரு முறை, புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது, "பச்சையில பச்சை எங்கடி தெரியும்?" என்றாளாம். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை. அண்ணன் கடைசியாக ஊரைப் பார்க்காமல் போனது தன்னால்தான் என்று அத்தை ஆயுள் முழுக்கச் சுமந்தாள்.

போன மார்கழியில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை பிறந்ததும் முகூர்த்தம். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணையும் மாப்பிள்ளையையும் வயலில் நடக்கவிட்டுப் படம் எடுக்கிற வழக்கம் இப்போது வந்திருக்கிறதே, அதற்காக வீடியோக்காரர் ஒருவர் ட்ரோனோடு வந்திருந்தார். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போனேன். அறுவடை இயந்திரம் வந்ததிலிருந்து களத்துக்கு வேலையில்லை. வருஷம் முழுக்கப் புல்தான். அத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் களத்தின் நடுவே உட்கார்த்தியிருந்தோம். பெண், அத்தைப் பாட்டியைத் தனியாக ஒரு படம் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

ட்ரோன் வண்டு மாதிரி இரைந்துகொண்டு எழும்பியது. அத்தையை விட்டுத் தள்ளிப் போய், அவளை வட்டமிட ஆரம்பித்தது. அவள் கழுத்து எட்டின மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அது ஏன் சுத்தியே வருது? தலைக்கு மேல வராதா?"

"மேல வந்தா உங்க உச்சந்தலைதான் தெரியும் பாட்டி. உங்கள நல்லா பாக்கணும்னா, உங்கள நடுவுல வச்சுட்டுச் சுத்தித்தான் வரணும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். நீதான் விமானத்தில் போயிருக்கிறாயே, உனக்குக் கீழே என்ன தெரிந்தது என்று கேட்டாள். மகன் வீட்டுக்குப் போனபோது பார்த்ததைச் சொன்னேன். நேர் கீழே ஒன்றும் தெரியாது. திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயும். அப்போது அந்த வட்டத்துக்கு உள்ளே இருக்கிற ஊர் தட்டில் வைத்த மாதிரி முழுசாகத் தெரியும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே விளங்கியது. இத்தனை வருஷம் கதை கேட்டிருக்கிறேன், விமானத்திலும் போயிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தை விரலை மடக்கினாள். "ஆத்தங்கரையில சொன்னாங்க. தெக்க சொன்னாங்க. கெழக்க சொன்னாங்க. நடுவுல நாமதான்டி இருந்தோம்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து வா என்றாள். பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப் போயிருந்தது. தூக்கினால் கிழியும் என்று கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தேன். அவள் காலடியில் புல்லின் மேல் விரித்தோம். ட்ரோன் மறுபடி எழும்பியது. வீடியோக்காரர் கையிலிருந்த திரையில் அவரும் அத்தையும் நானும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பச்சை, பச்சை, வாய்க்கால், பச்சை. நாற்காலி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. புடவை எங்கேயும் இல்லை.

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். அத்தையோ சிரித்துவிட்டாள். வாயில் பல் இல்லாத அந்தச் சிரிப்பில் ஒரு சின்னப் பெண்ணைக் கண்டேன். அம்மா சொன்னது சரிதான், புடவை தெரியவே இல்லை என்றாள். திரையின் ஓரத்தில் ஆறு வளைகிற இடத்தையும், கோயில் குளத்தையும் தொட்டுக் காட்டினாள். நீஞ்சின ஆற்றை அவனுக்கு அடையாளம் தெரியாதா, புடவையா சொல்ல வேண்டும் என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அம்மாகிட்ட யாருடி போய்ச் சொல்றது?"

வெயில் பயிரின் மேல் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் பழைய கனவுக்குள் கீழே நிற்பது போல இருந்தது. ட்ரோன் மூங்கில் தோப்பு இருந்த பக்கமாகப் போய், கோயில் பக்கம் வளைந்தது. அத்தை என் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். அது தலைக்கு மேலே வரட்டும் என்று அவள் இந்த முறை காத்திருக்கவில்லை. கையைத் தூக்கி ஆட்டினாள்.