அக்வாவிட் பாட்டிலும் இல்லாத நாலு நண்பர்களும்

அக்வாவிட்டை நான் முதலில் பொய்யாகத்தான் குடித்தேன்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் டென்மார்க்காரர், போன முறை திருப்பூர் வந்தபோது தன் ஊர்ச் சரக்கு என்று ஒரு பாட்டில் தந்துவிட்டுப் போனார். அதைப் பீரோவில், மனைவியின் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆளில்லாத வீட்டிலும் ஒளித்து வைக்கிறேன், பழக்கதோஷம்.

ஒருநாள் வீடியோ காலில் காலர் அளவுகளைப் பேசி முடித்ததும் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "பாட்டில் என்ன ஆயிற்று? யாரோடு குடித்தீர்கள்?"

திறக்கவே இல்லை, கூடக் குடிக்க ஆளில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நாலு நண்பர்கள் வந்தார்கள். நானே ஒரு காக்டெய்ல் கலந்தேன். பாதி பாட்டில் காலி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த மாதம் வருகிறேன். முதல் ஞாயிறு மதியம் உங்கள் வீட்டில். அதே நாலு பேர், அதே காக்டெய்ல்."

பனியன் சரக்கு தாமதமானால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம். இல்லாத நண்பர்களை எதில் ஏற்றுவது? போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பட்டன்காரர், ஜிப்காரர், அட்டைப்பெட்டிக்காரர். எல்லாரும் மரியாதையாக "சாப்டாச்சுங்களா" என்பார்கள், பதில் வருவதற்குள் "அந்தப் பீஸ் எப்பங்க" என்பார்கள். நானும் அப்படித்தான்.

கடைசியில் சாயப்பட்டறை மாஸ்டரைக் கூப்பிட்டேன். பத்து வருடமாகத் தினமும் சண்டை போடுகிறோம். அதைவிட நெருக்கமாக எனக்கு யாரும் இல்லை.

"ஏனுங்க, கலர் எதும் மாறிருச்சுங்களா?"

"இல்லீங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வரச் சொல்லலாம்னு."

"எந்த லாட்டுங்க?" எந்தச் சாயத் துணிக்கட்டில் குறை என்று கேட்கிறார்.

"லாட்டெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா ஒரு விருந்து."

"பழனிக்கு மாலை போட்டிருக்கறனுங்க" என்றார். முந்தின நாள் பார்த்தபோது கழுத்தில் ஒன்றும் இல்லை. "எதுக்கும் அந்த லாட்டை நான் ஒருக்கா செக் பண்ணிர்றனுங்க" என்று சொல்லித்தான் வைத்தார்.

சரி, காக்டெய்லாவது உண்மையாக இருக்கட்டும் என்று பாட்டிலைத் திறந்தேன். வந்த வாசத்தில், கெட்டுப்போனதைத்தான் குடித்ததாகச் சொல்லித் தொலைத்தோமோ என்று பதறி மனைவிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இப்பிடி மூச்சு வாங்குது?"

"ஒரு பாட்டில் தொறந்தேன். சோம்பும் சீரகமும் சேந்த மாதிரி ஒரு வாசம். பாப்பா சின்னதா இருக்கறப்ப வயித்து வலிக்குக் குடுப்பமே, அது."

"கிரைப் வாட்டருங்களா? அதத்தான் இப்பப் பேரனுக்குப் பாலாடையில ஊத்திட்டிருக்கறேன். நீங்க எதுக்குங்க அதக் குடிக்கறீங்க?"

அங்கே பேரன் வீறிட்டான். போன் அணைந்தது.

அந்த வாசம்தான் அதன் அடையாளம் என்று பிறகு தேடிப் படித்தேன். தானியத்திலோ உருளைக்கிழங்கிலோ வடித்து, சீரகத்தின் சொந்தக்கார விதை ஒன்றையும் சதகுப்பையையும் சேர்ப்பார்களாம். கிரைப் வாட்டரிலும் சதகுப்பைதான். அன்று குடிக்கவில்லை. ஒரு மூடியில் ஊற்றி மோந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு நிறம் கேட்டால், சாயப்பட்டறை மூன்று துண்டுகளை ஏ, பி, சி என்று சாயம் போட்டு அனுப்பும். வாங்குகிறவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நானும் மறுநாள் மூன்று அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் தம்ளர்களில் எழுத்து ஒட்டினேன். ஏ, பன்னீர் சோடா கலந்தது: கல்யாண மண்டபத்தில் குழந்தை கக்கிய வாசம். சி, மோர். அதைப் பற்றி எழுத மாட்டேன். பி, எலுமிச்சை, நன்னாரி, சோடா, கொஞ்சம் உப்பு: நன்றாக இருந்தது. நன்றாகத்தான் இருந்ததா? தம்ளரை நீட்டி "எப்படி?" என்று கேட்க எதிரில் வாஷிங் மெஷின்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது, அவரும் வந்தார். மேஜையில் ஆறு தம்ளர்கள், ஆட்கள் இரண்டு.

"நண்பர்கள்?"

"டிராபிக்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே நடுரோட்டில் ஒரு நாய் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

அவரும் நாயைப் பார்த்தார். நான் பி-யைக் கலந்து கொடுத்தேன். தம்ளரைத் தூக்கி என் கண்ணைப் பார்த்தார். குடிப்பதற்கு முன்னும் பின்னும் எதிராளியின் கண்ணைப் பார்ப்பது அவர்கள் ஊர் வழக்கம். ஐந்து மாதமாக என்னை அப்படிப் பார்த்தவன், கண்ணாடியில் சவரம் செய்கிற நான் ஒருவன்தான்.

"யாரும் வரமாட்டார்கள். யாருமே இல்லை. பாட்டிலைத் திறந்ததே போன வாரம்தான்" என்றேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். வழக்கப்படி மறுபடியும் பார்த்தார். அவசரப்படவில்லை.

"அப்ரூவ்டு. உப்பைக் குறைத்து இன்னொரு சாம்பிள் காட்டுங்கள்" என்றார்.

காட்டினேன். மூன்று மணிக்கு அவருடைய கார் வந்துவிட்டது. மற்ற நான்கு தம்ளர்களை அலமாரியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். பாத்திரத் தொட்டியில் இரண்டு தம்ளர்கள் கிடந்தன. அவற்றைத் திங்கட்கிழமை வரை கழுவவில்லை.