கியர் இல்லாத பழசு

தெருவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, சிக்னலுக்குச் சிக்னல் கியர் மாற்றி, முன்னால் போகிற சைக்கிளுக்கும் வழிவிட்டு ஊர்ந்தே காலத்தை ஓட்டியவளுக்கு ஓர் ஆசை இருந்தது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்குமே, இரண்டே கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார், அதில் ஒன்றைத் தன் பெயரில் வாங்கி ஓட்ட வேண்டும். புதியது கட்டுப்படியாகாது. பழையது போதும்.

வேறு எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாதவள் என்பதால் வீட்டில் யாரும் இதைக் கேலி செய்யவில்லை. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தும் அவள் கணவர் மட்டும், அந்தக் காரில் காய்கறிப் பையை எங்கே வைப்பது என்று ஒருமுறை கேட்டார். உங்கள் மடியில்தான் என்றாள்.

அவளுடைய தம்பி பழைய கார் விற்கும் கடையில் விற்பனையாளன். அவள் கண் வைத்திருந்த மாடலில் ஒரு வெள்ளைக் கார் கடைக்கு வந்தபோது, அவளைக் கூட்டிப்போய்க் காட்டியவனும் அவன்தான், வாங்கவிடாமல் தடுத்தவனும் அவன்தான். கம்பெனிக்காரன் அடுத்த மாடலை விடப்போகிறான் என்றான்.

"புதுசு வந்துட்டா பழசை எல்லாரும் தள்ளிவிடத்தான் பார்ப்பாங்க அக்கா. அப்போ நாம சொல்றதுதான் விலை. கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். புது மாடலும் வந்தது. பணிமனையின் ஓய்வறையில் சக ஓட்டுநர்களோடு அதை ஃபோனில் பார்த்தாள். கார் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. முகப்பில் டிவி அளவுக்குத் திரை. கிளட்ச்சும் இல்லை, கியர் கம்பியும் இல்லை. ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கையால் கியர் போட்டால்தான் கார் ஓட்டுவதாகவே அர்த்தம் என்று நினைக்கிற கூட்டத்துக்கு வயிறு எரிந்துவிட்டது. அத்தனை பேரும் பழைய மாடலைத் தேடிக் கிளம்பினார்கள். வைத்திருந்தவர்களோ இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இறங்க வேண்டிய விலை மளமளவென்று ஏறியது. அந்த வெள்ளைக் காரை வெளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போனார்.

தம்பி சில வாரம் அக்கா வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பாட்டுத் தட்டையே பார்த்தபடி, தன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் கோட்டை விட்டாள் என்றான். அவளுக்கு உள்ளுக்குள் கோபம்தான். இடது முழங்காலில் ஐஸ் ஒத்தடப் பையை வைத்தபடி குழம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பேச்சை மாற்றத்தான் கணவர் கேட்டார், எல்லாப் பழசுமா ஏறிவிட்டது என்று.

எல்லாம் ஏறவில்லை என்றான் தம்பி. பழைய மாடலிலேயே ஆட்டோமேட்டிக் வண்டிகள் உண்டு, அவை விழுந்து கிடக்கின்றன. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்பவன் புதியதுக்குப் போகிறான், கியர் வேண்டுமென்பவன் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கடையில் இரண்டு நிற்கின்றன, சீந்துவாரில்லை.

"அதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ டிரைவராச்சேக்கா. உனக்குப் போய் கியர் இல்லாத வண்டியைக் காட்டுறதான்னு..."

"இந்தக் கால் நாள் பூரா கிளட்ச்சை மிதிக்குது. லீவுலயும் அதையே மிதிக்கணுமா?"

மறுவாரமே போனாள். இருந்த இரண்டில் கரும்பச்சையைப் பிடித்தது. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அன்றைக்கு மட்டும் தம்பி சொந்த முதலாளியோடு மல்லுக்கு நின்று விலை பேசினான். இந்த வண்டி போனால் போதும் என்றிருந்த முதலாளியும் முறைத்துக்கொண்டே இறங்கி வந்தார். எடுத்து வைத்திருந்த பணத்தில் மிஞ்சியதற்கு நான்கு புது டயர் போட்டுக்கொண்டாள்.

முதல் முறை கணவரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைக்குப் போனாள். அவர் உள்ளே உட்காரவில்லை, விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் வரை அவளுடைய இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடி வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. பிறகு அதுவும் புரிந்துகொண்டு ஓரமாக மடங்கி ஓய்ந்தது. அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடியை விடாமல் பிடித்திருந்த கணவர் வெகுநேரம் கழித்துக் கேட்டார்:

"ஏம்மா, ஸ்டாப்பிங் எதுவும் கிடையாதா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பணிமனையில் கிண்டலுக்குக் குறைவில்லை. கியரே இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிற டிரைவர் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தம்பி வருகிறபோதெல்லாம், விலை இன்னும் இறங்கிவிட்டது, இப்போது விற்றால் நஷ்டம்தான் என்று எச்சரிப்பான். விற்கப்போவதாக அவனிடம் யார் சொன்னது என்று கேட்பாள். மழை பெய்தால் பின் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கணவர்தான். கடையிலிருந்து பசை கொண்டுவந்து, நுணுக்கமாக ஒட்டியும் கொடுத்தார். கசிவு முழுதாக நிற்கவில்லை, பாதி குறைந்தது.