வலம் மட்டும் வரும் வண்டி

வடக்கு மாட வீதி முடியும் இடத்தில் சுந்தரராமன் கண்ணை மூடிக்கொள்கிறார், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. உதடு முணுமுணுக்கிறது. இரண்டு கால்களும் விமானச் சக்கரம்போலத் தரையை நோக்கி இறங்குகின்றன. மோட்டார் சைக்கிள் தேர்போல யோசித்து யோசித்துக் கிழக்கு மாட வீதிக்குள் திரும்புகிறது. நேரான பிறகே கண் திறக்கிறது.

"மாமா டெய்லி வண்டிலயே பிரதட்சணம் வர்றாரு. இன்னா பக்தி பாரு!" என்கிறார் பூக்கட்டும் சீதா.

கோவிலை வலம் வருவது உண்மைதான். ஆனால் அந்த முணுமுணுப்பை நான் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "திரும்பிடு, திரும்பிடு, திரும்பிடுடி ராஜாத்தி." எந்த வேதத்திலும் இது இல்லை.

சுந்தரராமன் மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டுப் பிரிவு. சென்னையின் எந்தத் திருப்பத்தில் யார், எப்படி, எந்த எலும்பு முறிய விழுந்தார் என்று கேட்டால் உடனே சொல்வார். நமக்கு அடையாறு என்றால் ஆலமரம், அவருக்கு முழங்கால். பாண்டி பஜார் என்றால் தோள்பட்டை. சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கமாட்டார். குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும்போது மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் குனிந்து பார்த்தார். "என்ன ஓய் இது, டயர் இத்தனை ஒல்லியா இருக்கு! இதை நம்பியா இவ்வளவு நாள் உக்காந்துண்டு போனேன்?" என்று என்னிடம் கேட்டார். அகலமானது பத்திரமானது என்பது அவர் கொள்கை. கட்டில், கைப்பிடிச் சுவர், மருத்துவர் எல்லாவற்றிலும் அதே கொள்கைதான்.

அகல டயர் வேண்டும் என்றதும் டயர்க் கடைக்காரர் அப்துல் கரீம் தலையைச் சொறிந்தார். "போட்லாம் சார், இன்னா இப்போ. ஆனா ரிம்மு சின்னது. டயரு பிதுங்கிக்கினு நிக்கும். வண்டி சாயாது."

"சாயலைன்னா விழாதோன்னோ?"

கரீம் ஸ்பேனரை எடுத்தார். "அதுவும் கரெக்ட்தான்" என்று போட்டுவிட்டார்.

டயருக்குப் பிறகு ஷாக் அப்சார்பர். பள்ளத்தில் அது அமுங்கி எழுவது சுந்தரராமனுக்கு ஒழுக்கக்கேடாகப் பட்டது. ஸ்பிரிங்கைக் கடைசிப் படிவரை இறுக்கக் கரீமிடம் சொன்னார். "கல்லு மாரி ஆய்டும் சார்." "கல்லு மாதிரிதான்ப்பா வேணும். ஆட்டமே கூடாது."

ஆட்டம் நின்றது. அதோடு சேர்ந்து பல விஷயங்கள் நின்றன. வேகத்தடையில் பின்சக்கரம் தரையைக் கைவிட்டு மேலே போய், தன் விருப்பப்படி இறங்கியது. பின்பக்கம் உயர்ந்து, பாரம் எல்லாம் முன்னால் சரிந்ததில், நேர்ச்சாலையில் கைப்பிடி காய்ச்சல்காரன்போல நடுங்கியது. வளைவில் சாய்த்தாலோ அந்தத் தடித்த டயர் முரண்டு பிடித்து நிமிர்ந்து நின்றது. பயத்தால் செய்த ஒவ்வொரு ஏற்பாடும் பயப்படத் தக்க ஒரு வண்டியை உருவாக்கிவிட்டது. ஊரிலோ, "மந்தைவெளியிலயே சேஃபான வண்டி என்னோடதுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதை நம்பி நான் ஒருநாள் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் பின்சீட்டில் போனேன். பாலத்துக்கு முன்னால் சாலை இடப்பக்கம் வளைந்தது. வண்டி வளையவில்லை. எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. அதன் முகப்பில் எழுதியிருந்த குழந்தைகளின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு நெருங்கினோம். சுந்தரராமன் கத்தவில்லை. "ஜானு" என்று மனைவியின் பெயரை மிக மெதுவாகச் சொன்னார். லாரிக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தார், நாங்கள் மண்ணில் இறங்கி நின்றோம்.

அன்றிலிருந்து இடப்பக்கத் திருப்பம் வந்தால் இறங்கித் தள்ளுகிறார். கேட்டால், "உடம்புக்கு நல்லது ஓய்." வலப்பக்கம் அகலமாகத் திரும்ப இடம் இருக்கிறது, அதற்குத்தான் விடியற்காலை மாட வீதிப் பயிற்சி. பழைய டயரையே மாட்டிவிடலாமே என்றேன். "ஊர் என்ன சொல்லும்?" என்றார். மரண பயத்தையும் மிஞ்சும் பயம் ஒன்று உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நேற்றுக் காலை பத்திரிகை இரவல் வாங்க அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். மகள் ஹம்சினி தலைக்கவசத்தோடு வந்தாள். அவளுக்குக் கோட்டூர்புரத்தில் வேலைக்கான நேர்காணல்.

"அப்பா, உன் வண்டி சாவியக் குடு. ரெண்டு ஆட்டோவும் கேன்சல் பண்ணிட்டான்."

"மூணாவது பாரேன்மா. அவன் நல்லவனா இருப்பான்."

"நேரமாச்சுப்பா!"

ஜானு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "குடுங்கோளேன். சேஃபான வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறேளே, பெத்த பொண்ணுக்குத்தான் கிடையாதாக்கும்?"

அந்த இடப்பக்க வளைவு சுந்தரராமன் கண்ணில் ஓடுவதை நான் பார்த்தேன். "நான் போய் வெளில எடுத்து வெக்கறேன்" என்று சாவியோடு படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

வண்டியை அவர் நகர்த்தவில்லை. பின்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வால்வின் மூடியைத் திருகிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியின் நுனியை உள்ளே வைத்து அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறத் தொடங்கியது.

மேலே ஹம்சினியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. சுந்தரராமன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அந்தச் சீறல் வெளியே கேட்காதபடி, காசநோய்க்காரர்போல உரக்க இருமிக்கொண்டே சாவியை இன்னும் ஆழமாக அழுத்தினார்.