அக்காவுக்காகப் பிரெஞ்சு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துகிறவருக்கு ஐம்பத்து நாலு வயது. கடையில் எல்லாருக்கும் அவர் ‘கடுகு’. ஆள் சிறியவர் என்பதால் வந்த பெயர் இல்லை. சட்டென்று வெடிப்பார், அதே வேகத்தில் அடங்கியும் விடுவார். அப்படிப்பட்டவர் ஏழு மாதம் அடங்காமல் வெடித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் பிரெஞ்சு மொழி.

அவருடைய அக்கா கல்யாணமாகி பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டுக்குப் போய் முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அத்தான் இறந்த பிறகு மகளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பிக்கு ஃபோன் செய்யாமல் இருக்க மாட்டாள். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். அவளுடைய முழங்கால், அங்கே பெய்த மழை, இவருடைய பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான். போன வருஷம் அவளுக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பினாள். பேச்சு அடியோடு போய், மூன்று மாதத்தில் மெல்லத் திரும்பியது. திரும்பியது பிரெஞ்சு மட்டும். தமிழ் வரவில்லை, பேசினால் புரிகிற மாதிரியும் தெரியவில்லை. சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னதாக அக்கா மகள் சொன்னாள்.

முதல்முறை வீடியோவில் பார்த்தபோது இவர், “அக்கா, நான்தான்” என்றார். அவள் தெரியாத மனிதரிடம் பேசுவதுபோல மரியாதையாக ஏதோ சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள்.

“உங்கள நல்லாத் தெரியுது மாமா. வார்த்தைதான் கிடைக்கல” என்றாள் அக்கா மகள்.

அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். மாறி மாறி ஷிஃப்ட். ஒவ்வொரு தடவையும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க முடியாது. மொழிபெயர்க்கும் செயலி ஒன்றை இவர் வைத்துப் பார்த்தார். தம்பியின் முகத்துக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்ததும் அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்றைக்கே கடுகு முடிவு செய்தார், தானே பிரெஞ்சு படித்துவிடுவது என்று.

நாள் முழுக்கக் கண்ணும் கையும் லென்ஸோடு கட்டப்பட்டிருக்கும். சும்மா இருப்பது காது மட்டும். ஆகவே புத்தகம் வேண்டாம், கேட்டுப் படிக்கிற மாதிரி வேண்டும், இலவசமாக வேண்டும். காசு கொடுத்தே சேர்ந்துவிடலாமே என்று மனைவி கேட்டதற்கு, “கூடப் பொறந்தவகிட்ட பேசறதுக்கு எவனோ ஒருத்தனுக்கு மாசாமாசம் கப்பம் கட்டணுமா?” என்றார்.

இணையத்தில் தேடிப் பார்த்தால் இலவசம் கொட்டிக் கிடந்தது. முதல் தளத்தில் ‘முற்றிலும் இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி, பிரெஞ்சு படிக்கும் நோக்கம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு நாலு நிமிஷம் பாடம் கேட்கவிட்டார்கள். அஞ்சாவது நிமிஷத்தில் திரையில் ஒரு பூட்டு வந்து உட்கார்ந்தது. இன்னொரு இடத்தில் ஏழு நாள் இலவசம், ஆனால் கார்டு நம்பரை இப்போதே கொடுத்துவிட வேண்டும். கிடைத்ததில் முக்கால்வாசி, ஆங்கிலம் வழியாக பிரெஞ்சு. அவருடைய ஆங்கிலம் கண் டாக்டர் சீட்டில் வரும் ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸோடு முடிந்துவிடும். ஒரு அம்மா பத்து நிமிஷப் பாடத்தில் ஏழு நிமிஷம் தன்னைப் பின்தொடரச் சொல்லியே பேசினாள். ‘ஐம்பது சிறந்த இலவச ஒலிப்பாடங்கள்’ என்று ஒரு பட்டியல் அகப்பட்டது. புண்ணியவான் நல்லா இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக அழுத்தினால், பாதிக்குமேல் ‘இந்தப் பக்கம் இல்லை’. மெதுவாக வாசிக்கப்படும் செய்தி என்று ஒன்று இருந்தது. மெதுவாகவே புரியவில்லை.

திறந்த பாடங்களிலும் விமான நிலையம் எங்கே, இரண்டு காபி கொடுங்கள், பூனை மேஜைமேல் இருக்கிறது என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

“எங்கக்கா கட்டில்ல கிடக்கா. அவகிட்டப் போய் பூனை எங்க இருக்குன்னு சொல்லவா?” என்று மனைவியிடம் எகிறினார், ஏதோ பூனையை மேஜைமேல் ஏற்றியது அவள் என்பதுபோல.

இதற்கிடையில் கடையில் ஒரு வினை. காதில் பாடம் ஓட, கையில் வேலை ஓட, ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அந்த அம்மா, படி இறங்கினால் தரை எழும்பி வருகிறது என்று திரும்பி வந்தார். முப்பது வருஷத்தில் நடக்காத தப்பு. முதலாளி சத்தம் போடவில்லை. “காதுல இருக்கறத எடுத்து டிராயர்ல வைங்க” என்றார். அது சத்தம் போட்டதைவிட மோசமாக இருந்தது.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்த ஐம்பது சிறந்த பாடங்களின் பட்டியலுக்குக் கீழே, தமிழிலேயே, இருபது வரிக்கு ஆத்திரத்தைக் கொட்டினார். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம். ஆனால் ஒரு பெண் படித்துவிட்டாள். வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவளாம். ‘எனக்கு இதுதான் உதவியது’ என்று ஒரே ஒரு முகவரி கொடுத்திருந்தாள்.

திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், பிற நாடுகளிலிருந்து வரும் பணியாளர்களுக்காகத் தன் குரலில் பதிவு செய்து போட்ட நாற்பது பாடங்கள். பெயர் கேட்கவில்லை, பூட்டு இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி மூன்று தடவை சொன்னாள். கீழே பன்னிரண்டு மொழிகளில் பொருள் எழுதியிருந்தது, ஒன்பதாவது தமிழ். அதில் ‘உங்களுக்கு எங்கே வழிக்கிறது?’ என்று இருந்தது. ‘வலி’யைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று அதற்கும் கடுகு வெடித்தார். பத்தொன்பதாவது பாடத்தில் இருமல் மட்டும் பதிவாகியிருந்தது. இருந்தாலும் விடவில்லை. காலையில் பால் காய்ச்சும்போதும் பஸ்ஸிலும் கேட்டு, பதினோரு பாடத்தை மனப்பாடம் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா முகம் தெரிந்ததும், எங்கே வலிக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார். அக்கா புருவத்தைச் சுருக்கி, “வூ?” என்றாள்.

“என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” என்று அக்கா மகளைக் கேட்டார்.

“தப்பில்ல மாமா. ‘வூ’ போட்டு ‘நீங்க’ன்னு கேட்டீங்க. அம்மாவுக்குக் கோபம். ‘நீ’ன்னு சொல்லணுமாம்.”

நர்ஸ் எல்லாரிடமும் ‘நீங்கள்’ போட்டுத்தானே பேசுவாள். அவருக்கு எப்படித் தெரியும்? ‘நீ’க்கு ‘த்யூ’ என்று அக்கா சொல்லிக் காட்டினாள். இவர் “தூ” என்றார். இல்லை என்று தலையை ஆட்டி, உதட்டைக் குவித்து மறுபடி சொன்னாள். மறுபடி “தூ”. பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தது. கடைசியில் அக்கா பொறுமை இழந்து படபடவென்று நீளமாகத் திட்டினாள். திட்டு என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமா, உடம்புக்கு முடியாமப் போனதுக்கப்புறம் அம்மா இவ்வளவு பேசினதே இல்ல.”

கடுகு அடுத்த வாரம் முழுக்க வீட்டில் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தார். யாரைப் பார்த்துத் துப்புகிறீர்கள் என்று மனைவி கேட்டபோதும் உதட்டைக் குவித்தபடியே நின்றார்.

இப்போது வாரா வாரம் பேசுகிறார்கள். அக்காவுக்குத் தமிழ் திரும்பவில்லை. இனி வருவது சந்தேகம் என்கிறார்கள். இவருக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. எண்கள் பக்கம் போனபோது எண்பதுக்கு நாலு இருபது என்று சொல்வார்கள் எனத் தெரிந்து, “நாலு இருபதாம். சரியான ஃபோர் ட்வென்ட்டி வேலை” என்று நர்ஸைத் திட்டிவிட்டு, அதையும் நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

போன ஞாயிறு அக்கா ரொம்ப நேரம் ஒரு கதை சொன்னாள். அவர் மெதுவாகச் சொல்லச் சொன்னார். அவள் முதலிலிருந்து தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றியது, அதில் ஒரு சாவி வருகிறது என்பதுவரை பிடிபட்டது. சாவி தொலைந்ததா, கிடைத்ததா, யார் எடுத்தது, ஒன்றும் புரியவில்லை. அக்கா மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்காவோ சொல்லி முடித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். இவரும் கூடச் சிரித்து வைத்தார்.

ஃபோனை வைத்ததும் நாற்பது பாடத்தின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். மாத்திரை இருக்கிறது, படுக்கை விரிப்பு இருக்கிறது, சாவி இல்லை. தலையில் அடித்துக்கொண்டு, வீடு, பூட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பற்றி இலவசமாக ஏதாவது கிடைக்கிறதா என்று மறுபடி தேடத் தொடங்கினார்.