நூர்ஜஹான் அக்கா எடுக்க மறுத்த டிக்

அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்காரர் வீட்டில் மேசைக்கு அடியில் குனிந்து நெட்வொர்க் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நூர்ஜஹான் அக்காவின் தங்கை பேசினார். “ராத்தா மௌத்தாயிட்டாங்கம்மா. சாயந்தரம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.” நான் ஒயரை விடவில்லை. பாதியில் எழுந்து போயிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

அக்கா வீட்டில் பெண்கள் இருந்த அறையில் அழுகையோடு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. “அவ வந்து திட்டுவாளேன்னு பயந்தே எங்க வீட்டு கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது” என்றார் ஒருவர். இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் வேலைக்கு வந்த வீட்டுக்காரர்களே, இதைப் படிக்கும் நீங்களும் அவரிடம் திட்டு வாங்கியவர்களாகத்தான் இருப்பீர்கள்.

வீடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பதும், ஒன்றிலிருக்கும் ஃபோல்டர் இன்னொன்றில் திறக்காவிட்டால் சரிசெய்வதும் அவர் தொழில். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உப்பிலியபுரத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பட்டத்தோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் வாரம் மன்னார்புரத்தில் ஒரு வீடு. அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர் மகளுடையதில் திறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் திறக்கலாம் என்று மாற்றிவிட்டேன். திறந்தது. சந்தோஷமாக நிமிர்ந்தேன். அக்கா திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்களிடம் திரும்பினார். “இவ காலேஜ் படிச்சவ. பூட்டு திறக்கலன்னா கதவையே கழட்டி வச்சிடுவா.” என் வயதுதான் இருக்கும் அந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பேசாமல் நின்றேன். அதற்கும் திட்டு விழுந்தது. “வாயில என்ன கொழுக்கட்டையா? யாரு உள்ள வரலாம்னு வீட்டுக்காரங்க சொல்லணும். நீ சொல்லக் கூடாது. வெளங்குதா?”

உள்ளுக்குள் பாசம் வைத்திருந்தார் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம். நான் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டைச் சொல்ல வேண்டும். கூப்பிட்டவர் அந்த வீட்டு மருமகள் வைதேகி. கீழே ஹாலில் மாமனாரின் பெரிய கம்ப்யூட்டர். மாடியில் வைதேகியின் பழைய லேப்டாப். அதில் இடம் போதாது. மருமகளின் நகைகள் மாமனார் அறை பீரோவில் இருக்கும் வீடு அது. அதே பழக்கத்தில் தன் வேலையையும் அவருடைய கம்ப்யூட்டரில்தான் சேமித்து வந்திருக்கிறார். மாதக்கணக்கில் பதிவு செய்த கணக்குப் பாடங்கள். அன்று மாலைக்குள் அனுப்பினால் ஆன்லைனில் பாடம் எடுக்கும் வேலை உறுதி. காலையிலிருந்து ஃபோல்டர் திறக்கவில்லை.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒயர் சரி. கணவர் பெயரில் உள்ளே போனால் அதே ஃபோல்டர் திறந்தது. பகிர்வு அனுமதியில் வைதேகியின் பெயரும் இருந்தது. பிறகு ஃபோல்டரின் சொந்தப் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தார். வைதேகியின் பெயருக்கு மட்டும் ‘மறு’ (Deny) என்ற கட்டத்தில் ஒரு டிக். வேறு எத்தனை இடத்தில் அனுமதி இருந்தாலும் இந்த ஒரு டிக் போதும், கதவு திறக்காது.

“மெஷின் கெடலம்மா” என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. “இந்த வீட்டுல யாரோ கைய வச்சு உங்க பேரை மட்டும் அடைச்சிருக்காங்க.”

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. “யாரோ என்ன யாரோ? நான்தான் பண்ணேன். ஆத்துல அடுப்பு மூட்டித் தளிகை பண்ண ஆளைக் காணோம், இவ ஊருக்குப் பாடம் எடுக்கப் போறாளாம். என் மெஷின். அதை அப்படியே விட்டுட்டுப் போங்கோ.” சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்ப உள்ளே போனார்.

வைதேகி கணவருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. “அப்பாகிட்ட நீயே பேசிக்கோயேன். நான் மீட்டிங்ல இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து, “மாமனார் வரதுக்குள்ள எடுத்துடுங்கோக்கா. ஒரு நிமிஷ வேலைதானே?” என்றார். அதற்குள் மவுஸ் என் கைக்கு வந்திருந்தது. என் விரல் நகர்ந்ததை அக்கா பார்த்துவிட்டார். மவுஸை என்னிடமிருந்து பிடுங்கி, அந்தப் பக்கத்தை மூடினார்.

“உங்க உழைப்பைக் கொண்டுபோய் அடுத்தவங்க மெஷின்ல வச்சீங்க பாருங்க, அதுதான் ரிப்பேர். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல” என்றார் வைதேகியிடம். அந்த முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியாமல் நான் செருப்பைத் தேடினேன். அந்த வேலை வைதேகிக்குக் கிடைக்கவில்லை.

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது, சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக நானாகப் பேசினேன். “ஒரு டிக்தானேக்கா?”

“எடுத்திருக்கலாம். நாளைக்கு அந்த ஆளு கூப்பிட்டு, மருமக லேப்டாப்பத் திறந்து காட்டுன்னு சொல்வாரு. அப்பவும் ஒரு டிக்தான்னு திறப்பியா?”

அவர் கூப்பிடத்தான் செய்தார். மருமகள் யார் யாரோடு பேசுகிறாள் என்று பார்க்க வேண்டுமாம். “அது உங்க மெஷின் இல்ல சார்” என்று அக்கா போனை வைத்துவிட்டார். அதோடு அந்தத் தெருவில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. இதை அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வைதேகிக்குப் போன் செய்து இறந்த செய்தியைச் சொன்னேன். “ஓ” என்றார். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்ததை, மாமனார் கேட்டும் அவர் லேப்டாப்பைத் திறக்க அக்கா மறுத்ததையும் சொன்னேன். கேட்டால் அக்காவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

“அதுனால நேக்கு வேலை கிடைச்சுடுத்தா?” என்றார். உள்ளே குக்கர் சத்தம் கேட்டது. “தளிகை ஆகணும், வைக்கிறேன்.”

அக்கா இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்.

இனி உங்கள் வீடுகளுக்கு நான்தான் வருவேன். உரியவர் சொல்லாமல் எதையும் திறக்க மாட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம்தான். அதனால் நாளை உங்களில் ஒருவர் என்னையும் சபிக்கலாம். அக்கா கேட்காத ஒன்றை மட்டும் நான் கேட்கிறேன். வேலையில் உட்காரும் முன் வீட்டுப் பெண்ணிடம், “உங்களோடதெல்லாம் யாரு மெஷின்ல இருக்கு?” என்பேன். நேற்றும் ஒரு வீட்டில் கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து வீட்டுக்காரர் வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.