வடக்குப்பட்டு பஸ்ஸில் என் கடிதம்

என்னால் ரத்தம் கொடுக்க முடியாது. நாற்பத்தைந்து கிலோ இருந்தால்தான் எடுப்பார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டில் நான் நாற்பதைத் தாண்டியதே இல்லை. எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் ஒரகடம் சாலையில் பைக்கோடு விழுந்து, அவருக்கு ரத்தம் தேடி அலைந்த பிறகுதான், அசெம்பிளி லைனில் இருந்தவர்கள் சேர்ந்து ரத்ததானக் குழு ஒன்றை ஆரம்பித்தோம். ஒவ்வொரு முகாமிலும் நான் எடை மெஷினில் ஏறுவேன். நர்ஸ், "இறங்கும்மா" என்பார்.

அதனால்தான் குழுவை நடத்திய அண்ணன், குழுவின் வெப்சைட் வழியாக மாதம் ஒரு கடிதம் எல்லோருக்கும் ஈமெயிலில் அனுப்பலாமா என்று கேட்டதும், யாரும் வாயைத் திறப்பதற்குள் "நான் பாத்துக்கிடுதேன் அண்ணே" என்றேன். ரத்தம்தான் இல்லை, எழுத்தாவது என்னிடமிருந்து போகட்டும்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் வடக்குப்பட்டுக்காரி. என் வயசு, என் பேட்ச். எப்போது முகாம் போட்டாலும் முதல் ஆளாகப் படுத்துக் கை நீட்டுவாள். எழுந்து ஜூஸ் குடித்துக்கொண்டே சிரிப்பாள். சொந்த ஊர், சொந்த வீடு, அம்மா கட்டிக்கொடுக்கிற சோறு. ரத்தம் ஊறாமல் என்ன செய்யும்? அவள் கையில் ஒட்டிய பஞ்சைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் வார லீவுகளையெல்லாம் கரைத்தேன். இலவசமாகக் கடிதம் அனுப்பித் தரும் ஒரு சேவையைக் கண்டுபிடித்து, நம் தளத்தோடு இணைத்தேன். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்ததைச் சரிசெய்யவே எனக்குப் பாதி உயிர் போனது. உறுப்பினர்களின் ஈமெயிலையெல்லாம் அவர்களுடைய பயோடேட்டாவிலிருந்து எடுத்து ஏற்றினேன். முதலில் அவர்களுக்கு ஒரு மெயில் போகும். அதைத் திறந்து சம்மதம் என்று அழுத்தினால்தான் கடிதம் போய்ச் சேரும்.

அண்ணனைத் தவிர ஒருத்தரும் அழுத்தவில்லை. லைனில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். வேலைக்கு மனுப் போட்டபோது பிரவுசிங் சென்டர்காரர் பயோடேட்டா அடித்துக்கொடுத்து, கூடவே ஈமெயிலும் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார். பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். அப்பா பெயர் மாதிரி அதுவும் பயோடேட்டாவில் இருக்கவேண்டிய ஒரு வரி, அவ்வளவுதான். அதில் கடிதம் வரும், திறந்து பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. என் முதல் கடிதத்தைத் திறந்து படித்தவர்கள் அந்த அண்ணனும் நானும்தான்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?" என்றாள் வடக்குப்பட்டுக்காரி. "பிரிண்ட் எடுத்து என்னாண்ட குடு. எங்க ஊரு கம்பெனி பஸ்ல படிச்சி காட்றேன்."

கொடுத்தேன். மறுநாள் கேன்டீனில் அவள் பஸ்காரப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாமா படிச்ச! கண்ணுல தண்ணி வந்துட்ச்சி" என்று அவள் தோளைத் தட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாதா மாதம் இதே கதை. அடுத்த முகாமில் அந்த பஸ்ஸிலிருந்தே பாதி வரிசை நின்றது. நான் கண் விழித்து எழுதினால் அவள் நோகாமல் நுங்கு தின்கிறாள். ரத்தமும் அவளுடையது, பேரும் அவளுக்கா? எனக்கென்று இருந்ததே அந்த ஒரு கடிதம்தானே!

பொறுக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். எடை போதாமல் திரும்பத் திரும்ப இறக்கிவிடப்பட்டதைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினேன், நான், நான் என்று. அவள் இருக்கிற உடம்புக்கு இதை எப்படித் தன் கதையாக்குவாள், பார்க்கலாம். அதை அவளிடம் கொடுத்த மறுநாள் என் ஹாஸ்டல் பஸ்ஸை விட்டுவிட்டு, விடியலில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அவள் பஸ்ஸில் ஏறினேன்.

அவள் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். அவள் படிக்கப் படிக்க, எனக்கே தெரியாமல் நான் எழுதியிருந்த சிரிப்பெல்லாம் வெளியே வந்தது. எடை மெஷின் வந்த இடத்தில் ஒரு அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானா அந்த எளுதற பொண்ணு? ஒவ்வொரு வாட்டியும் சொல்லிட்டுத்தான் இவ படிப்பா, ஹாஸ்டல்ல கீற என் ஃப்ரெண்டு எளுதினதுன்னு." தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "துன்னு. வெயிட்டு ஏறட்டும்."

அவளைத் திட்ட எனக்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று. அதனால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவள் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "நீயே வந்துட்ட, மிச்சத்த நீயே படி."

எழுந்து நின்றேன். இரண்டு வரி படித்திருப்பேன். பஸ் குலுங்கியது. முன்னால் இருந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணும் கேக்கல பாப்பா," என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல், நல்லவிதமாகத்தான். "அவளாண்டயே குடுத்துடு."

கொடுத்தேன். நான் விட்ட வரியிலிருந்து அவள் தொடங்கினாள். பஸ் அடங்கியது. கையில் முட்டையோடு உட்கார்ந்து, எல்லோரையும் போல நானும் என் கடிதத்தைக் கேட்டேன்.