கடைக்காணியின் வேலி

நாகேஸ்வரி கணவரின் குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வண்டில் சில்லு ஏறி இடுப்பெலும்பு முறிந்த நாள்தொட்டுச் சிற்றம்பலத்தார் படுக்கைதான். நேரத்துக்கு நேரம் புரட்டாவிட்டால் புண் வைத்துவிடும். வயலையும் அவளேதான் பார்த்தாள்.

"தண்ணி வந்ததோ?"

"மண்ணாங்கட்டி வந்தது. மேல்காணிக்காரர் விட்டாலெல்லோ!"

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் அது. குளத்து மதகான துருசிலிருந்து வரும் வாய்க்காலின் கடைசியில், காட்டை ஒட்டிக் கிடந்தது அவர்களுடைய காணி. நெல் கதிர் பொதியும் குடலைப் பருவம். இந்தக் கிழமை பாயாவிட்டால் எல்லாம் பதர். வீட்டில் உலை ஏறாது.

அன்று பின்னேரம் துருசடியில், தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை கூட்டம் வைத்தார். முறைப்படி எடுங்கோ என்று வழக்கம்போலச் சொன்னார். எல்லாரும் வழக்கம்போலத் தலையாட்டினார்கள். நாகேஸ்வரிக்குப் பற்றி எரிந்தது.

"வீரகத்தியண்ணை, உங்கட வயலில தவளை நீந்துது. இன்னும் ஏன் மடை திறந்து கிடக்கு?"

முதற்காணிக்கார வீரகத்தி கூசவில்லை. "நான் மறிச்சா அடுத்தவன் எடுப்பான் பிள்ளை. உன்னட்டை வரப்போகுதே? பிறகு நான் எடுத்தா என்ன?"

அடுத்தவனும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்தவனும். ஒருவரையொருவர் நம்பாததில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை.

"அப்ப கடைசியில இருந்து முறை வையுங்கோ. முதல் என்ர காணி, கடைசியா உங்கட. என்ர நிறைஞ்சால்தான் உங்களுக்கு முறை எண்டால், இடையில ஒருத்தன் களவா வெட்ட விடுவியளோ?"

சிரித்தார்கள். "நல்ல கதை! நாங்கள் ஏன் அதுக்கு ஓம்பட வேணும்?" என்றார் வீரகத்தி.

"காட்டுப்பன்றிக்கு முள்வேலி அடைச்சு, உங்கட வயலுக்கும் சேர்த்துக் காவல் கிடக்கிறது கடைசிக்காரர் நாங்கள். நாளைக்கு வேலியைப் பிடுங்கிறன்."

"விசரி! முதல்ல உன்ர பயிரையெல்லோ பன்றி உழும்?"

"என்ரதுதான் கருகுதே. செத்த பயிருக்கு என்ன காவல்?"

வெறும் வாய்ச்சவடால் என்று கலைந்துபோனார்கள்.

மறுநாள் காலை கணவரைத் துடைத்து, புரட்டி, கஞ்சி பருக்கிவிட்டு, கத்தியோடு போனாள். முட்கட்டுகளை அறுத்து இழுத்து வரம்பில் எறிந்தாள். காட்டுப்பக்கம் திறந்து கிடந்தது. பக்கத்துக் காணி நேசமலரும் தன் வேலியில் கை வைத்தாள். வீரகத்தி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நிப்பாட்டு பிள்ளை!"

"மடையை மறிச்சிட்டு வந்து கதையுங்கோ."

அவர் திரும்பிப் போய்த் தன் மடையை மண் போட்டு மறித்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மறியடா! என்ர முறை கடைசியடா!" என்று ஒவ்வொரு மடையிலும் கத்தியபடி வரம்பால் இறங்கினார். தன் வயலில் தண்ணீர் ஏறும்வரை நாகேஸ்வரி வேலியைத் திரும்ப அடைக்க முள்ளைத் தொடவில்லை.